முட்கம்பியில் தந்தி அடித்த பையன்: குளோட் ஷனனும் எங்கள் டோக்கன் கணக்கும்

முட்கம்பி வேலி என்றதும் எம்மில் பலருக்கு ஒரே காட்சிதான் ஞாபகத்துக்கு வரும். 2009 இல் செட்டிகுளத்து முகாம்களின் வேலிக்கு உள்ளே நின்றவர்களுக்கும், வெளியே நின்று உறவுகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்கும் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1920களில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு பையன் முட்கம்பியை வேறு கண்ணால் பார்த்தான். கேலோர்ட் என்ற அவனது சிற்றூரில் பண்ணைகளைப் பிரிக்கும் வேலிகள் நீளமாக ஓடின. கம்பி உலோகம், உலோகத்தில் மின்சாரம் ஓடும். நண்பனின் வீடு அரை மைல் தூரத்தில் இருந்தது. பையன் அந்த வேலிக் கம்பியையே தந்திக் கம்பி ஆக்கினான். காணிகளைப் பிரிக்கப் போட்ட வேலி இரண்டு சிறுவர்களைப் பேச வைத்தது.

அந்தப் பையன்தான் குளோட் எல்வூட் ஷனன். ஊடகக் கற்கை படித்த எவருக்கும் அவர் ஒரு வரைபடம்: அனுப்புநர், ஊடுவழி, இரைச்சல், பெறுநர் என்று சில பெட்டிகளும் அம்புக்குறிகளும். நானும் அதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கி, எழுதிவிட்டு மறந்துபோனவள்தான். பல வருடங்களுக்குப் பிறகு அவரை மறுபடி தேடிப் படிக்க வைத்தது ஒரு கட்டணப் பட்டியல்.

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வீட்டு மூலையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வெளிநாட்டு வேலை செய்யும் இளையோர், இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களின் துணையோடு நிரல் எழுதுகிறார்கள். அந்தச் சேவைகள் பாவித்த அளவுக்குக் காசு கேட்கின்றன. அளவுகோலின் பெயர் டோக்கன். எழுத்தைச் சிறு துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு டோக்கன். ஆங்கிலத்தில் ஒரு டோக்கன் ஏறத்தாழ நான்கு எழுத்து. நாம் அனுப்பும் துண்டுகளுக்கும் காசு, அது திருப்பி எழுதும் துண்டுகளுக்கும் காசு. விலை டொலரில். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதைக் கண்ட நாட்டில், டொலரில் வரும் பட்டியல் எதுவும் சின்னப் பட்டியல் அல்ல.

இந்தச் செலவைக் குறைக்க வழி கேட்பவர்களுக்குப் பலரும் சுருக்கமாக எழுதச் சொல்கிறார்கள். ஷனனின் வாழ்க்கையைப் படித்தால் கிடைக்கும் பதில் வேறு. எதைச் சொல்லத் தேவையில்லை, எதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று பிரித்தறிவதுதான் கணக்கு. நீளமும் சுருக்கமும் அதற்குப் பிறகுதான்.

சொல்லுக்குக் காசு

ஷனன் 1916 ஏப்ரல் 30 ஆம் திகதி மிச்சிகனின் பெற்றோஸ்கி நகரில் பிறந்தார். வளர்ந்தது கேலோர்டில். தகப்பன் வியாபாரி, சொத்துரிமை வழக்குகளைப் பார்க்கும் நீதிபதியாகவும் இருந்தவர். தாய் மொழி ஆசிரியை, ஊர்ப் பாடசாலையின் அதிபராகவும் கடமையாற்றியவர். பையனுக்கு மாதிரி விமானங்களும் வானொலிப் பெட்டிகளும்தான் உலகம். தோமஸ் எடிசன் அவனது நாயகன்.

வளரும் பருவத்தில் அவர் வெஸ்ரேன் யூனியன் நிறுவனத்தில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் பார்த்தார். அந்தப் பெயரை எங்கள் ஊர்களில் தெரியாதவர் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ சித்தியோ அனுப்பிய காசை எடுக்கப் போகும் இடம். அக்காலத்தில் அது அமெரிக்காவின் மிகப் பெரிய தந்திக் கம்பனி. தந்தியில் சொல்லுக்குக் காசு. ஆகவே ஆட்கள் சொற்களை எண்ணி எழுதினார்கள். வியாபாரிகள் ஒரு முழு வசனத்துக்கு ஒரு சொல் என்று குறியீட்டுப் புத்தகங்களே வைத்திருந்தார்கள். எங்கள் மூத்தவர்களுக்கும் இது புதிதல்ல. செத்தவீட்டுச் செய்தி மூன்று நான்கு சொல்லில் வந்த காலம் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அந்தச் சிக்கனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, ஷனன் பிறப்பதற்கு 29 வருடங்களுக்கு முன்னர் நடந்த ஒரு வழக்கு சாட்சி. 1887 இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த கம்பளி வியாபாரி பிராங்க் பிரிம்ரோஸ், கன்சாசில் இருந்த தன் முகவருக்குக் குறியீட்டுச் சொற்களில் ஒரு தந்தி அனுப்பினார். கம்பளி வாங்கிவிட்டேன் என்பதற்கான குறிச்சொல்லில், வழியில் எங்கோ, ஒரு மோர்ஸ் புள்ளி கூடிப்போனது. சொல் மாறி, வாங்கு என்ற கட்டளையாகப் போய்ச் சேர்ந்தது. முகவர் கம்பளியை வாங்கிக் குவித்தார். ஏறத்தாழ 20,000 டொலர் நட்டம். கட்டணத்தில் இன்னும் அரைப்பங்கு கட்டியிருந்தால், செய்தியைத் திருப்பி அனுப்பிச் சரிபார்த்திருப்பார்கள். அவர் கட்டவில்லை. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனது. தந்திக்குக் கட்டிய காசுக்கு மேல் கேட்க உரித்தில்லை என்று 1894 இல் தீர்ப்பு வந்தது.

மிச்சம் பிடித்தது சில சதம், இழந்தது 20,000 டொலர். இதைக் கடைசிவரை மனதில் வைத்திருங்கள்.

ஆம், இல்லை

1932 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஷனன், 1936 இல் மின்பொறியியல், கணிதம் என இரண்டு பட்டங்களோடு வெளியேறினார். அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த ஒரு வேலை விளம்பரம் அவரை எம்.ஐ.ரி. தொழில்நுட்ப நிறுவகத்துக்குக் கொண்டுபோனது. வனிவர் புஷ் என்ற பொறியியலாளர் அங்கே ஓர் அறையை நிறைக்கும் கணிப்பு இயந்திரம் வைத்திருந்தார். அதன் மின் ஆளிகளைக் கவனிப்பது ஷனனின் வேலை.

ஆளி ஒன்று திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். ஜோர்ஜ் பூல் என்ற 19 ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளரின் தர்க்கத்தில் ஒரு கூற்று உண்மையாக இருக்கும் அல்லது பொய்யாக இருக்கும். இந்த இரண்டும் ஒன்றுதான் என்பதை ஷனன் கண்டுகொண்டார். 1937 இல், 21 வயதில், அதையே தன் முதுமாணி ஆய்வாக எழுதினார். அதன் பிறகு மின்சுற்று அமைப்பது கைப்பழக்கமாக இருந்த நிலை மாறி, தாளில் கணக்கெழுதிச் செய்யும் வேலையானது. இன்று எங்கள் கையில் இருக்கும் கைபேசிக்குள் ஓடுவதும் அந்தத் தர்க்கம்தான்.

1940 இல் மரபியல் பற்றிய கணித ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிறகு போர் வந்தது.

போர் அறையில் ஒரு கணிதவியலாளர்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெல் ஆய்வுகூடத்தில் ஷனன் செய்தது இரண்டு வேலைகள். ஒன்று, விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் குறிபார்க்க வைக்கும் கணக்கு. மற்றது இரகசியக் குறியீடு. 1943 இல் பிரித்தானியாவின் அலன் ரூறிங் அங்கே வந்து தங்கியபோது இருவரும் சிற்றுண்டிச்சாலையில் தேநீரோடு பேசிக்கொள்வார்கள். தங்கள் இரகசிய வேலையைப் பற்றிப் பேச இருவருக்கும் அனுமதி இல்லை. ஆகவே சிந்திக்கும் இயந்திரம் சாத்தியமா என்பதைப் பற்றிப் பேசினார்கள்.

இரகசியக் குறியீட்டை உடைப்பவன் எதைப் பிடித்துக்கொண்டு உடைக்கிறான்? மொழியின் பழக்கத்தை. சில எழுத்துகள் அடிக்கடி வரும். சில எழுத்துகளுக்குப் பின்னால் இன்னதுதான் வரும் என்று ஊகிக்கலாம். ஊகிக்கக்கூடிய பகுதி எதிரிக்குக் கிடைக்கும் நூல்நுனி. 1945 இல் ஷனன் இது பற்றி எழுதிய அறிக்கை இரகசியமாகப் பூட்டப்பட்டது. நான்கு வருடங்கள் கழித்தே அது கட்டுரையாக வெளிவந்தது.

அதற்குள், 1948 ஜூலையிலும் ஒக்டோபரிலும் பெல் நிறுவனத்தின் ஆய்விதழில் அவரது பெரிய கட்டுரை இரண்டு பாகங்களாக வந்துவிட்டது. தொடர்பாடலின் கணிதக் கோட்பாடு. அடுத்த வருடம் வோரன் வீவரின் அறிமுகத்தோடு அது புத்தகமானது. எங்கள் விரிவுரைகளில் ஷனன்-வீவர் மாதிரி என்று சொல்லப்படுவது அதுதான்.

ஊகிக்க முடியாததே தகவல்

கோட்பாட்டின் அடி மிக எளிது. ஒரு செய்தியில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்பது, அதைப் பெறுபவர் அதை முன்கூட்டி எவ்வளவு ஊகிக்க முடியாமல் இருந்தார் என்பதைப் பொறுத்தது. சூரியன் நாளைக்கும் கிழக்கில் உதிக்கும் என்று தந்தி அடித்தால் அதில் தகவல் ஏதும் இல்லை. சம வாய்ப்புள்ள இரண்டில் எது என்று சொல்லும் செய்தி ஓர் அலகு. அந்த அலகுக்கு பிட் என்று பெயர். பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் ஜோன் டூக்கி என்று ஷனனே பதிவு செய்திருக்கிறார்.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குக் கணிதம் வேண்டியதில்லை. சமாதான காலத்தில் கொழும்பில் படிக்கும் பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் எடுத்துச் சுகம் என்று சொன்னால், அது பாசம். புதுத் தகவல் அதில் கொஞ்சம்தான். இடம்பெயர்ந்து திசைக்கொருவராகப் போன நாட்களில், கொமினிகேசன் கடையில் நிமிடக் கணக்குக்குக் காசு கட்டிக்கொண்டு, இருக்கிறோம் என்ற ஒரு சொல்லைக் கேட்டோம். அந்தச் சொல்லை முன்கூட்டி எவராலும் ஊகிக்க முடியாமல் இருந்தது. ஆகவே முழுச் செய்தியும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது.

நிரல் எழுதுபவருக்கு இதிலிருந்து வரும் முதல் பாடம்: இயந்திரத்துக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்ல வேண்டாம். பைதன் மொழி எப்படி வேலை செய்கிறது என்று அதற்கு விளக்கத் தேவையில்லை. நீங்கள் மிகச் சிறந்த நிபுணர் என்று அரைப் பக்கம் புகழ்ந்து தொடங்கவும் தேவையில்லை. அதனால் ஊகிக்க முடியாதது வேறு. உங்கள் வாடிக்கையாளர் என்ன கேட்டார், எந்தக் கோப்பில் எந்த வரியில் பிழை வருகிறது, எதை மாற்றவே கூடாது என்பவை உங்களுக்கு மட்டும் தெரிந்தவை. காசைச் செலவழிக்க வேண்டியது அங்கேதான். ஆயிரம் வரி பிழைப் பதிவை அப்படியே ஒட்டினால் அதில் பெரும்பகுதி ஒரே வரியின் திரும்பல். பிழை தொடங்கும் இடத்தையும் அதற்கு முன்பின் சில வரிகளையும் கொடுத்தால் தகவல் குறையாது, டோக்கன் குறையும்.

ஆனால் ஷனனின் கட்டுரைக்கு இரண்டாவது பாதி ஒன்று உண்டு. பலர் வாசிக்காமல் விடுவது அதைத்தான். ஊடுவழியில் இரைச்சல் இருந்தால், செய்தியோடு கொஞ்சம் மிகையையும் சேர்த்து அனுப்பவேண்டும். அந்த மிகையை ஒழுங்காக அமைத்தால், ஊடுவழியின் கொள்ளளவுக்குள் நிற்கும்வரை, இரைச்சலையும் மீறிச் செய்தியைப் பிழையின்றிக் கொண்டுபோகலாம் என்று அவர் நிறுவினார்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு இது உடம்பால் தெரியும். கரகரப்புக்குள் ஒரு சொல் போனாலும் அடுத்த சொல்லிலிருந்து வசனத்தைப் பிடித்துவிடலாம். தலைப்புச் செய்தியைக் கடைசியில் மறுபடி வாசிப்பார்கள், விட்டது அப்போது கிடைக்கும். அந்த மிகைதான் செய்தியைக் காப்பாற்றியது.

கம்பளி வியாபாரி பிரிம்ரோஸ் வெட்டியதும் அதைத்தான். நிரல் உதவியாளரிடம் இதைச் சரிசெய் என்று இரண்டு சொல்லில் கேட்பவர் இருபது டோக்கன் மிச்சம் பிடிக்கிறார். அது வேறு எதையோ சரிசெய்து, ஐந்து கோப்புகளைத் திருப்பி எழுதி, அதை மீண்டும் பழையபடி ஆக்கச் சொல்லும்போது இருபதாயிரம் டோக்கன் போய்விடும். பதிலாக வரும் டோக்கனுக்குப் பெரும்பாலான சேவைகளில் விலையும் அதிகம். எதிர்பார்க்கும் விளைவுக்கு ஓர் உதாரணம், செய்யக்கூடாததைப் பற்றி ஒரு வரி, எழுதத் தொடங்குமுன் திட்டத்தை நான்கு வரியில் சொல் என்ற ஒரு கேள்வி. பிரிம்ரோஸ் கட்டாமல் விட்ட அரைப்பங்குக் கட்டணம் என்று இவற்றை நினைத்துக்கொள்ளலாம்.

பெற்றி எழுத்து ஊகித்த மாலைகள்

1949 இல் ஷனன் பெற்றி மூரைத் திருமணம் செய்தார். அவருக்கு இது இரண்டாவது திருமணம். பெற்றியும் பெல் ஆய்வுகூடத்தில் கணிப்பு வேலை செய்த கணிதப் பட்டதாரி. கணவரின் ஆய்வுகளிலும் கருவிகளிலும் அவரது கை இருந்தது.

1948 கட்டுரையிலேயே ஷனன் ஒரு விளையாட்டைக் காட்டியிருந்தார். ஒரு புத்தகத்தை எங்காவது திறந்து ஓர் எழுத்தை எடுப்பது. இன்னொரு பக்கத்தைத் திறந்து அதே எழுத்து வரும் இடத்தைத் தேடி, அதற்கு அடுத்த எழுத்தைக் குறிப்பது. இப்படியே தொடர்ந்தால், அர்த்தம் இல்லாவிட்டாலும், ஆங்கிலம் போலத் தோன்றும் ஒரு வரி உருவாகும். எழுத்துக்குப் பதில் சொற்களைக் கொண்டு செய்தால் அது இன்னும் மொழிக்கு நெருங்கும்.

1951 இல் வெளியான ஆய்வுக்கு அவர் ஆட்களை வைத்து அடுத்த எழுத்தை ஊகிக்கச் சொன்னார். ஊகித்தவர்களில் பெற்றியும் ஒருவர். எத்தனை முறையில் சரியாகச் சொல்கிறார்கள் என்று எண்ணினார். முன்னால் நீளமான வசனம் இருந்தால், ஆங்கிலத்தின் ஒரு எழுத்தில் ஏறத்தாழ ஒரு பிட் தகவல்தான் இருக்கிறது, முக்கால் பங்கு ஊகிக்கக்கூடியது என்ற முடிவுக்கு வந்தார்.

முன்னால் இருப்பதைப் பார்த்து அடுத்த துண்டை ஊகிப்பது. இன்றைய மொழி மாதிரிகள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். பெற்றி பார்த்தது சில வரிகள். இயந்திரம் பார்த்திருப்பது இணையத்தின் பெரும்பகுதி.

எலியின் ஞாபகம் எங்கே இருந்தது

1950 ஆம் ஆண்டளவில் ஷனன் தீசியஸ் என்ற இயந்திர எலியைச் செய்தார். சுவர்களை இடம் மாற்றக்கூடிய ஒரு சிக்கல் பாதை. எலி முட்டி மோதி வழி தேடி இலக்கை அடையும். இரண்டாம் முறை விட்டால் நேரே போகும். சுவரை மாற்றினால், மாறிய இடத்தில் மட்டும் புதிதாகத் தேடும். பார்த்தவர்கள் எலியின் மூளையை வியந்தார்கள். எலிக்குள் மூளை இல்லை. அது ஒரு காந்தம் பொருத்திய பொம்மை. ஞாபகம் முழுவதும் பலகைக்குக் கீழே, தொலைபேசி ஆளிகளில் இருந்தது.

நிரல் உதவியாளரும் அந்த எலி மாதிரித்தான். நீங்கள் முன்பு சொன்னதை அது ஞாபகம் வைத்திருப்பதுபோலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு கேள்வியோடும் அதுவரை பேசிய அனைத்தும் மறுபடி அனுப்பப்படுகிறது. ஞாபகம் பலகைக்குக் கீழே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கிச் சுமக்கும் கூலி எங்களுடையது.

ஒரு சிறு கணக்கு. ஒரு கேள்வியும் பதிலும் சேர்ந்து 1,000 டோக்கன் என்று வையுங்கள். முதல் சுற்றில் 1,000, இரண்டாவதில் 2,000, இப்படியே இருபதாவது சுற்றில் 20,000. ஒரே உரையாடலில் இருபது சுற்றும் போனால் மொத்தம் 210,000 டோக்கன். அதே வேலையை ஐந்து ஐந்து சுற்றாக நான்கு தனி உரையாடல்களாகப் பிரித்தால் ஒன்று 15,000, நான்கும் சேர்ந்து 60,000. வேலை முடிந்ததும் உரையாடலை மூடி, அடுத்ததைப் புதிதாகத் தொடங்குங்கள். தேவையான முடிவுகளை நாலு வரியில் எழுதி எடுத்துப் போகலாம். மாறாத தொடக்கப் பகுதி திரும்ப வந்தால் குறைந்த விலை போடும் வசதியும் பல சேவைகளில் உண்டு. ஆகவே மாறாத விதிகளை முதலிலும் மாறும் கேள்வியைக் கடைசியிலும் வைப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் தானாக வாசிக்கப்படும் அறிவுறுத்தல் கோப்பைக் குட்டையாக வைத்திருங்கள். சுவர் மாறிய பிறகும் பழைய பாதையைச் சுமப்பதால் காசும் போகும், எலியும் முட்டும்.

அதே 1950 இல் சதுரங்கம் விளையாடும் கணினி பற்றியும் ஷனன் எழுதினார். எல்லா நகர்வுகளையும் பார்க்கும் முறை ஒன்று. பயன்தரக்கூடிய சிலவற்றை மட்டும் தெரிந்தெடுத்து ஆழமாகப் பார்க்கும் முறை மற்றது. சாத்தியமான ஆட்டங்களின் எண்ணிக்கை 1 க்குப் பின்னால் 120 பூச்சியம் என்று மதிப்பிட்டு, முழுவதையும் பார்ப்பது நடக்காத காரியம் என்று காட்டினார். முழு நிரல் தொகுப்பையும் வாசித்துப் பார் என்று உதவியாளரை விடுவது முதல் முறை. பிழை இருக்கக்கூடிய மூன்று கோப்பைப் பெயர் சொல்லிக் கொடுப்பது இரண்டாவது. பெயர் மாற்றுவது, ஒழுங்குபடுத்துவது போன்ற சிறு வேலைக்கு மலிவான சிறிய மாதிரி போதும். பெரிய மாதிரியைச் சிக்கலான இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1955 இல் செயற்கை நுண்ணறிவு என்ற பெயரோடு டார்ட்மத் கோடைகால ஆய்வுக்கு எழுதப்பட்ட முன்மொழிவில் கையொப்பமிட்ட நால்வரில் ஷனனும் ஒருவர்.

யாருடைய புத்தகத்தைத் திறந்தார்கள்

ஷனனின் கோட்பாட்டிலிருந்து பிறந்த நடைமுறை ஒன்று உண்டு. அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு. எம்.ஐ.ரி. மாணவர் டேவிட் ஹஃப்மன் 1952 இல் அதற்குத் திருத்தமான முறையை வெளியிட்டார். 1994 இல் பிலிப் கேஜ், அடிக்கடி சேர்ந்து வரும் இரட்டைகளை ஒன்றாக்கிக் கோப்பைச் சுருக்கும் இன்னொரு முறையைத் தந்தார். இன்றைய டோக்கன் அட்டவணைகள் பல அந்த முறையின் வழிவந்தவை.

கணக்கு நியாயமானது. ஆனால் எது அடிக்கடி வருகிறது என்று எண்ண எந்தப் புத்தகத்தைத் திறந்தார்கள் என்பதில் எங்கள் பிரச்சினை தொடங்குகிறது. எண்ணப்பட்ட எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் அரிது, ஆகவே தமிழுக்கு நீண்ட குறியீடு. அதற்கு முன்னரே இன்னொரு சுமையும் உண்டு. இணையத்தில் பரவலான எழுத்துக் குறிமுறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற். யாழ்ப்பாணம் என்று தமிழில் எழுதினால் 33 பைற், அந்த ஊரின் ஆங்கிலப் பெயருக்கு 6. புதிய மாதிரிகளில் இடைவெளி குறைந்து வருகிறது, மறையவில்லை. அதே கருத்தைத் தமிழில் கேட்பவர் கூடுதல் காசு கட்டுகிறார்.

நடைமுறையில் செய்யக்கூடியது: திரையில் தெரியும் தமிழ் வசனங்களை நிரலுக்குள் கலக்காமல் தனிக் கோப்பில் வைத்தால், ஒவ்வொரு முறையும் அவை கூடவே போகாது. ஆங்கிலத்தில் தெளிவாக எழுத முடிந்தவர் அறிவுறுத்தலை ஆங்கிலத்தில் கொடுக்கலாம். ஆனால் தமிழில்தான் தேவையைத் தெளிவாகச் சொல்ல வருமென்றால் தமிழிலேயே எழுதுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் ஐந்து முறை திருத்துவதைவிடத் தெளிவான தமிழில் ஒரு முறை சொல்வது மலிவாக முடியலாம். பிரிம்ரோஸின் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

கடைசிக் காலம்

1956 இல் எம்.ஐ.ரி.க்குத் திரும்பிய ஷனன் 1978 வரை அங்கே பேராசிரியர். புகழ் அவரை இழுத்த திசைகளுக்குப் போகவில்லை. மசாசுசெற்ஸின் வின்செஸ்ரர் நகரில் இருந்த வீட்டில், தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டிருந்தார். ஒற்றைச் சில்லுச் சைக்கிள் ஓட்டினார். பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கும் வித்தைக்குக் கணிதம் எழுதினார். ரோம இலக்கங்களில் கணக்குப் பார்க்கும் கணினி ஒன்றைச் செய்தார். ஆளியைப் போட்டால் ஒரு கை வெளியே வந்து அந்த ஆளியையே நிறுத்திவிட்டு உள்ளே போகும் பெட்டி ஒன்றும் அவரிடம் இருந்தது. 1985 இல் ஜப்பானின் கியோற்றோ பரிசு கிடைத்தது.

அதன் பின்னான வருடங்களில் அல்சைமர் நோய் அவரைப் பிடித்தது. தகவலுக்கு அளவுகோல் தந்தவரிடமிருந்து ஞாபகங்கள் ஒவ்வொன்றாகப் போயின. இணையம் உலகமெங்கும் பரவியபோது, அதன் அடித்தளத்தில் தன் கணிதம் இருப்பதை விளங்கிக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. 2001 பெப்ரவரி 24 ஆம் திகதி, 84 ஆவது வயதில், ஒரு பராமரிப்பு இல்லத்தில் காலமானார். கேலோர்டில் அவருக்குச் சிலை இருக்கிறது.

ஷனனைப் படித்து முடித்தபோது எனக்கு டோக்கன் விலையை விட மிகை என்ற சொல்தான் மனதில் நின்றது. மிகை என்றால் வீண் என்று நாங்கள் நினைக்கிறோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை மீளவேயில்லை. இடப்பெயர்வில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் ஒரேயொரு படத்தையும் தொலைத்தவர்களுக்கும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் கடிதங்களைப் பிரதியெடுத்துக் கோப்புக் கோப்பாகச் சுமக்கும் தாய்மாருக்கும் பிரதியின் பெறுமதியைச் சொல்லித்தரத் தேவையில்லை.

எரிந்துபோன எழுத்தை எந்த இயந்திரமும் எண்ணாது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம்போல, மிஞ்சியதைப் படம்பிடித்து, தட்டெழுதி, பொதுவில் வைப்பவர்கள் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்கிறார்கள். எங்கள் எழுத்துக்குப் பிரதி உண்டாக்குகிறார்கள். அடுத்த முறை யாராவது புத்தகத்தைத் திறந்து எண்ணும்போது தமிழ் இன்னும் கொஞ்சம் அடிக்கடி கண்ணில் படவும் செய்கிறார்கள். நிரல் எழுதும் இளையோர் இந்த மாதப் பட்டியலில் மிச்சம் பிடித்த நேரத்தில் கொஞ்சத்தை அந்தப் பக்கம் செலவழித்தால், அவர்களுக்குப் பின்னால் வருபவர்கள் தமிழில் கேட்பதற்குக் கட்டும் காசு குறையலாம்.